வானம் பார்த்த கோழிகள்

போன மாதம் சரவணம்பட்டியில் உங்கள் ஆபீசுக்கு வந்திருந்தேன். ஏசிக் குளிரில் நடுங்கிய கிழவனுக்கு உங்களில் ஒரு அம்மணி பெரிய மனசு பண்ணித் தன் துப்பட்டாவைக் கொடுத்தார். அதைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தவனிடம் நீங்கள் செய்துகொண்டிருக்கும் பேசும் பெட்டியைக் காட்டி, எதை வேண்டுமானாலும் கேளுங்கள் என்றீர்கள். தோசை மாவுக்கு வெந்தயம் போடுவது வீண் வேலைதானே என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லிக் காரணங்களை அடுக்கியது. கொஞ்சம் பொறுத்து, வெந்தயம் போடாத தோசையெல்லாம் ஒரு தோசையா என்று கேட்டேன். அதற்கும் ஆமாம். கேள்வி அருமை என்று ஒரு பாராட்டு வேறு.

நீங்கள் நெளிந்தீர்கள். எனக்கோ ரொம்ப வருஷம் கழித்துச் சொந்தக்காரர் ஒருவரைக் கல்யாண மண்டபத்தில் பார்த்த மாதிரி இருந்தது. இது நம்மூர் ஆள்தான், கண்ணுகளா. ஒரு டம்ளர் காப்பியைக் கையில் கொடுத்துவிட்டால் போதும், அசல் கோயமுத்தூர்க்காரர்.

ஏன் அப்படிச் சிரித்தேன் என்று கேட்டீர்கள். வாயால் சொன்னால் பாதியில் தூங்கிவிடுவேன், எழுதித் தருகிறேன் என்று தப்பித்தேன். இதோ எழுதுகிறேன். தூக்கம் இனி உங்கள் பொறுப்பு.

தொண்ணூறுகளின் நடுவில் நான் வேலை பார்த்த கம்பெனி பீளமேட்டில், ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டின் மாடியில் இருந்தது. கீழே நாள் முழுக்க அடைமழை மாதிரி டைப்ரைட்டர் சத்தம். மேலே நாங்கள் செயற்கை அறிவு செய்துகொண்டிருந்தோம். சிரிக்காதீர்கள். அப்போதும் அதற்கு அதுதான் பெயர். விஷயம் தெரிந்த ஒருவரைப் பிடித்து, அவர் தலைக்குள் இருப்பதை ‘இப்படி இருந்தால் இது, அப்படி இருந்தால் அது’ என்று விதி விதியாகக் கம்ப்யூட்டருக்குள் ஏற்ற வேண்டும். பிறகு அவர் ஊரில் இல்லாத நாளிலும் பெட்டி அவரைப்போலவே யோசித்துப் பதில் சொல்லும். எக்ஸ்பர்ட் சிஸ்டம் என்பார்கள். அந்த விஷயம் தெரிந்தவரிடம் போய் உட்கார்ந்து கேள்வி கேட்டு விதிகளைக் கறந்து வருவது என் உத்தியோகம்.

பல்லடம் பக்கம் ஒரு கோழிக் கம்பெனிக்காரர்கள் எங்களிடம் வந்தார்கள். அவர்கள் தரும் குஞ்சையும் தீவனத்தையும் நம்பி முட்டைக்கோழி வளர்க்கும் பண்ணைகள் சுற்றுவட்டாரம் முழுக்க இருந்தன. கோழி டாக்டரோ ஒரே ஒருவர். அந்த டாக்டரம்மா மொபெட்டில் காற்றை எதிர்த்துக்கொண்டு பண்ணை பண்ணையாகப் போவார். அவர் போய்ச் சேர முடியாத இடத்துக்குப் பெட்டி போக வேண்டும் என்பது திட்டம்.

அந்தச் சமயம் பார்த்து எனக்கு ஒரு கிறுக்குப் பிடித்தது. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஒரு புத்தகம் கிடைத்தது. கிரேக்க தேசத்துக் கிழவர் ஒருவர். சப்பை மூக்கு, காலில் செருப்பு கிடையாது. ஏதென்ஸ் சந்தைக்குப் போவார், வருகிறவர் போகிறவரை நிறுத்தி, வீரம் என்றால் என்ன, நல்லது என்றால் என்ன என்று கேட்பார். பதில் சொன்னால் அதிலிருந்து இன்னொரு கேள்வி. கடைசியில் தெரியும் என்று வந்தவருக்கு ஒன்றும் தெரியாது என்று தெரிந்துவிடும். கிழவரோ, எனக்கும் தெரியாதப்பா என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்.

அடடா, இதல்லவா என் உத்தியோகம் என்று தோன்றியது. அன்றிலிருந்து அவர் என்னோடு பஸ்ஸில் வர ஆரம்பித்தார். காந்திபுரத்தில் ஏறுவேன், ஜன்னல் சீட்டு, முகத்தில் பாலக்காட்டுக் காற்று. சிங்காநல்லூர் தாண்டும்போது கண் சொருகும். பக்கத்தில் வேட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு கிழவர் உட்கார்ந்திருப்பார். கண்டக்டரைப் பார்த்து, “ஏனுங்க, டிக்கெட்டுங்கறது என்னதுங்க?” என்பார். கண்டக்டர் அவரைச் சூலூரில் இறக்கிவிடுவார். எனக்கு முழிப்பு வந்துவிடும்.

வீட்டிலும் முயன்றேன். சாம்பார் என்றால் என்ன என்று என் வீட்டுக்காரியைக் கேட்டேன். அன்று ஓட்டலில் சாப்பிட்டேன்.

ஆனால் டாக்டரம்மாவிடம் என் வித்தை பிரமாதமாக எடுபட்டது. அதுதான் வினை. புத்தகத்தில் பார்த்தால், கிழவர் நீளமாக ஒன்றைச் சொல்லி ‘அப்படித்தானே’ என்பார், எதிரில் இருப்பவர் ‘ஆமாம்’ என்பார். மறுபடி நீளமாகச் சொல்வார், மறுபடி ‘ஆமாம்’. நானும் கோழி நோய்களைப் பற்றி முந்தின நாளே படித்துக்கொண்டு போய், “கழுத்து திருகி, கூட்டமா விழுந்தா அது வெள்ளைக் கழிச்சல்தானுங்களே டாக்டர்?” என்பேன். அவர் வீட்டு வாசலில் மொபெட்டைத் துடைத்துக்கொண்டே, “ஆமாங்க” என்பார். அடுத்தது கேட்பேன். “ஆமாங்க, காப்பி ஆறுதுங்க.” ஒரு சாயங்காலத்தில் பை நிறைய விதிகள். இவ்வளவு வேகமாக யாரும் கறந்ததில்லை என்று கம்பெனியில் என் தோளைத் தட்டினார்கள். திரும்பும் பஸ்ஸில் கிழவருக்கே சீட்டுக் கொடுக்காமல் காலை நீட்டி உட்கார்ந்தேன்.

எங்கள் பக்கத்துப் பழக்கம் எனக்குத் தெரியாதா என்ன? வீடு தேடி வந்தவர் சொல்வதை முகத்துக்கு நேரே இல்லை என்று சொல்ல மாட்டோம். வந்தவர் தப்பாகவே சொன்னாலும், சொல்லி முடித்துக் காப்பியைக் குடித்துக் கிளம்பட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவோம். நானே என் மாமனாரிடம் அப்படித்தான் இருந்தேன். இருந்தும், டாக்டரம்மா அதையே எனக்குச் செய்வார் என்று தோன்றவில்லை. ஆமாம் என்ற சொல் காதில் விழும்போது அவ்வளவு சுகமாக இருக்கிறது.

ஆடி மாதம், காற்று அதன் உச்சத்தில் இருந்த ஒரு காலை. கோழிக் கம்பெனி மேனேஜர் போன் பண்ணினார். சுல்தான்பேட்டை பக்கம் ஒரு பண்ணையில் கோழிகள் விழுகின்றன, டாக்டரம்மா வால்பாறையில் எஸ்டேட் மாடுகளைப் பார்க்கப் போயிருக்கிறார், பெட்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள் என்றார். பெட்டி என்றால் இப்போது உங்கள் பைக்குள் போகிறதே, அது மாதிரி இல்லை. டிவி மாதிரி ஒன்று, சூட்கேஸ் மாதிரி ஒன்று. அம்பாசிடரின் பின் சீட்டில் தலையணை வைத்து, பிரசவத்துக்குக் கூட்டிப்போவதுபோல மடியில் பிடித்துக்கொண்டு போனேன்.

பண்ணை ஸ்டெல்லா அக்காவுடையது. அவருடைய அப்பாவும் அம்மாவும் காலமெல்லாம் அடுத்தவர் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். அவர்கள் வீட்டில் சொந்தமாகக் கொட்டகை போட்டு ஒரு தொழில் தொடங்கியவர் அவர்தான் முதல். வீட்டுக்காரர் தறி ஓட்டப் போய்விடுவார், கோழி முழுக்க அக்காவின் பாடு. சுற்றிலும் கவுண்டர்களின் பெரிய பண்ணைகள். அங்கிருந்தெல்லாம் ஆட்கள் வந்து வேலிக்கு வெளியே, கிட்ட வராமல் நின்றுகொண்டிருந்தார்கள்.

கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தேன். தகரக் கூரையின் ஓட்டை வழியே வெயில் நூல் நூலாக இறங்கிக்கொண்டிருந்தது. ஆயிரக்கணக்கில் வெள்ளைக் கோழிகள் இருந்தும் சத்தம் குறைவு. நிறையக் கோழிகள் காலை மடித்து உட்கார்ந்து, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, வாயை லேசாகத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தன. அண்ணாந்து ஏதோ உபதேசம் கேட்பதுபோல இருந்தது. நான் என் நிலை மறந்து கூரையைப் பார்த்தேன். கூரையில் ஒன்றும் இல்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றேனோ, மேனேஜர் என் சட்டையைப் பிடித்து இழுத்தார்.

பெட்டியை வாசலில் வைத்து, வீட்டிலிருந்து ஒயர் இழுத்து, அது கேட்டதற்கெல்லாம் பதில் கொடுத்தேன். ஒரு இடத்தில் கழுத்து எப்படி என்று கேட்டது. நேர், திருகல் என்று இரண்டே பதில்கள்தான் வைத்திருந்தோம். நேராக இல்லை, ஆகவே திருகல் என்று அமுக்கினேன். பெட்டி கொஞ்சம் யோசித்து, வெள்ளைக் கழிச்சல் என்றது. கொட்டகையிலுள்ள மொத்தக் கோழிகளையும் அழித்துக் குழியில் சுண்ணாம்பு போட்டுப் புதைக்கவும், தாமதித்தால் பக்கத்துப் பண்ணைகளுக்குப் பரவும் என்றது.

மேனேஜர் கெட்டவர் இல்லை. இரண்டு வருஷம் முன்பு இதே நோய் ஒரு ஊரையே காலி பண்ணியதைக் கூட இருந்து பார்த்தவர்.  குழி வெட்ட ஆளுக்குச் சொல்லிவிட்டார். சொன்ன மாத்திரத்தில் வெட்டவும் தொடங்கிவிட்டார்கள், மண்வெட்டிச் சத்தம் கேட்டது.

ஸ்டெல்லா அக்கா அழவில்லை. பெட்டியின் முன்னால் வந்து, அதன் பச்சை எழுத்தைப் பார்த்தபடி என்னைக் கேட்டார்: “ஏனுங்க, இது யாரைக் கேட்டுச் சொல்லுதுங்க?”

“டாக்டரம்மாவைத்தானுங்க அக்கா.”

“அவிய வால்பாறையில இருக்காங்களே.”

அந்தப் பெட்டிக்கு ஒரு நல்ல குணம் இருந்தது. ஏன் என்று கேட்டால் எந்த விதியை வைத்துச் சொன்னது என்று காட்டும். அதற்கென்று ஒரு பொத்தான், அதன் மேல் ‘ஏன்’ என்று நானே காகிதம் ஒட்டியிருந்தேன். விருந்தாளிகளுக்குக் காட்டிப் பெருமையடிக்க மட்டும் அதை அமுக்குவேன். அன்றைக்கு முதல்முறையாகத் தெரிந்துகொள்வதற்காக அமுக்கினேன். கழுத்து திருகியிருக்கிறது, அதனால் என்றது. மறுபடி அமுக்கினேன். கழுத்து திருகிக் கூட்டமாக விழுந்தால் வெள்ளைக் கழிச்சல் என்பது விதி என்றது. இன்னொரு தரம். ஆதாரம்: டாக்டர். இன்னொரு தரம் அமுக்கினேன். பதில் இல்லை, ஒரு சின்னப் பச்சைக் கட்டம் மட்டும் கண் சிமிட்டியது. அதற்குக் கீழே அதனிடம் ஒன்றும் இல்லை.

அதற்குக் கீழே என்ன இருந்தது என்று எனக்குத்தான் தெரியும். ஒரு மொபெட், ஈரத்துணி, ஆறிக்கொண்டிருந்த காப்பி. விதியைச் சொன்னவன் நான். நான் சொன்னதை நானே பெட்டிக்குள் வைத்து, டாக்டர் என்று பெயர் எழுதி, இப்போது அதனிடமே போய்க் கைகட்டி நின்று கேட்கிறேன். ஊரில் இவ்வளவு பெரிய முட்டாள் ஒருவன் இருந்தும் அவன் பெயரில் ஒரு பஸ் ஸ்டாப்கூட இல்லை.

மேனேஜரிடம் டாக்டரோடு பேச வேண்டும் என்றேன். பெட்டிதான் சொல்லிவிட்டதே என்றார். அதுதான் எனக்குச் சந்தேகமாக இருக்கிறது என்றேன். பெட்டி செய்தவனே இப்படிச் சொன்னால் மனுஷன் என்ன செய்வார்? வேலிக்கு வெளியே நின்றவர்களைப் பார்த்தார், குழியைப் பார்த்தார். ஒரு போன், அதற்கு மேல் பொறுக்க மாட்டேன் என்றார்.

பஸ் ஸ்டாப்பில் ஒரு எஸ்டிடி பூத். அந்தக் கண்ணாடிக் கூண்டுக்குள் நான், மேனேஜர், ஸ்டெல்லா அக்கா மூன்று பேரும் அடைந்துகொண்டோம். எஸ்டேட் ஆபீஸ் நம்பர் ரொம்ப நேரம் கிடைக்கவில்லை. கிடைத்தபோது முதலில் கேட்டது மழை. எங்களுக்கு வெளியே புழுதியை வாரி இறைக்கும் காய்ந்த காற்று. காதுக்குள் வால்பாறை மழை, தேயிலை மேலே நிதானமாகப் பெய்துகொண்டிருந்தது. டாக்டரம்மாவைக் கூப்பிடப் போயிருந்தார்கள். நான் அந்த மழையையே கேட்டுக்கொண்டு நின்றேன். கூண்டு மெல்ல மலை ஏறுவதுபோல இருந்தது, கண்ணாடியில் பனி படர்வதுபோல. மேனேஜர் இடித்தார். போனில் டாக்டரம்மா வந்திருந்தார்.

“யாருங்க? சத்தமாப் பேசுங்க, கேக்கலீங்க.”

என் நாக்கில் கேள்வி தயாராக இருந்தது. கழுத்து திருகுது, கூட்டமா விழுது, வெள்ளைக் கழிச்சல்தானுங்களே டாக்டர்? அதற்கு என்ன பதில் வரும் என்பதும் தெரிந்துவிட்டது. மழைக்கு நடுவே, மலையிலிருந்து, மரியாதையாக ஒரு சொல் வரும். இங்கே மண்வெட்டி வேலையை முடிக்கும்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அந்தக் கிழவரிடமிருந்து நான் கேள்வியை மட்டும் கடன் வாங்கியிருந்தேன். எனக்குத் தெரியாது என்பாரே, அந்தப் பாதியை வேண்டாம் என்று சந்தையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தேன்.

“டாக்டர், கோழிக ஒக்காந்துட்டு மேல பாக்குதுங்க. எனக்கு இதுல ஒண்ணுமே தெரியாதுங்க. இது என்னதுங்க?”

  டாக்டரம்மாவின் குரல், வேறு யாருடைய குரலோ மாதிரி வந்தது. அதுவரை அவர் என்னிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. இப்போது அவர் கேட்டார். மேலே என்றால் கழுத்து ஒரு பக்கமாகத் திருகுதா, நேராகப் பின்னால் சாயுதா? எச்சம் பச்சையாக இருக்கிறதா? மூச்சு கரகரக்கிறதா? முட்டை ஓடு தோலாக வருகிறதா? நான் திரும்பிக் கேட்க, ஸ்டெல்லா அக்கா சொல்ல, நான் போனில் கத்த. பச்சை இல்லை, கரகரப்பு இல்லை, ஓடு நன்றாக இருக்கிறது. சிலதற்கு அக்காவுக்கும் தெரியவில்லை. பாக்கலீங்க என்றார். அதையும் அப்படியே சொன்னேன்.

“தீவனம் எப்ப மாத்துனாங்க?”

அக்கா மேனேஜரைப் பார்த்தார். போன வாரம் கம்பெனியிலிருந்து புது மூட்டை வந்தது என்று மேனேஜரே சொன்னார்.  அவர் சொல்லாமலும் இருந்திருக்கலாம்.

நிச்சயமாகச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. தீவனத்தில் கலக்கும் வைட்டமின் கெட்டுப்போனாலும் கோழி இப்படி வானம் பார்க்கும். நோயாகவும் இருக்கலாம். கொட்டகையை அடைத்துவிடுங்கள், யாரும் உள்ளே வெளியே போக வேண்டாம். மருந்துக் கடையில் பி-ஒன் வைட்டமின் ஊசி வாங்கிக் கொஞ்சம் கோழிகளுக்குப் போட்டுத் தனியே விடுங்கள். பொழுது சாய்வதற்குள் தலை இறங்கினால் நோய் இல்லை. “எறங்கலீன்னா குழி வேணுங்க” என்றார். லைன் அறுந்தது.

அந்த மத்தியானத்தை எப்படிச் சொல்வது? மேனேஜரே ஊசி போட்டார். பத்துப் பதினைந்து கோழிகளைத் தனியாக ஒரு தட்டியடைப்புக்குள் விட்டோம். பிறகு செய்வதற்கு ஒன்றும் இல்லை. வெளியே நின்றவர்களில் சிலர் ஏசத் தொடங்கினார்கள். ஒரு பெரியவர் வேலி ஓரமாக வந்து, “ஏனுங்க கம்ப்யூட்டரு, எங்க பண்ணைக்கு வந்துச்சுன்னா நீங்க வந்து முட்டை போடுவீங்களா?” என்றார். முயற்சி செய்கிறேன் என்றேன். அவர் சிரிக்கவில்லை. சிரிக்காதது நியாயம்தான். அவருக்கும் இழக்க நிறைய இருந்தது. நான் நினைத்தது தப்பாகப் போனால், ஸ்டெல்லா அக்காவோடு சேர்த்து அத்தனை பேரையும் கவிழ்த்தவன் நான்தான்.

வேப்பமர நிழலில் உட்கார்ந்தேன். காற்று விடாமல் அடித்தது, சருகெல்லாம் கிழக்கே ஓடிக்கொண்டிருந்தது. ஸ்டெல்லா அக்கா தட்டியடைப்பின் அருகே முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோழிகள் மேலே பார்த்தன, அக்கா கோழிகளைப் பார்த்தார், நான் அக்காவைப் பார்த்தேன். கண் சொருகியது. கிழவர் வரவில்லை. வந்திருந்தாலும் கேட்பதற்கு என்னிடம் ஒன்றும் இருந்திருக்காது. தெரியாது என்று சொல்லிவிட்டு அந்தத் தெரியாததற்குள்ளேயே உட்கார்ந்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன். வெயில் நகர்வதுகூடத் தெரிந்தது.

உங்களுக்கு ஒன்று சொல்கிறேன். அன்று அது நோயாகவே இருந்திருக்கலாம், பெட்டி குருட்டாம்போக்கில் சரியாகச் சொல்லியிருக்கலாம். அப்போதும் நான் கேட்டது சரிதான் என்று இன்றைக்குச் சொல்வேன். அன்றைக்கு அந்தப் பெரியவர் முகத்தைப் பார்த்துச் சொல்லியிருப்பேனா என்றால், ஓடியிருப்பேன்.

வெயில் மஞ்சளாகும் நேரம். ஸ்டெல்லா அக்கா என்னைக் கூப்பிடவில்லை, மேனேஜரையும் கூப்பிடவில்லை. எழுந்து நின்றார், அவ்வளவுதான். நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தோம். ஒரு கோழி தலையை இறக்கி, காலடியில் இருந்த மண்ணை ரொம்ப ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு ஒரு கொத்து. பக்கத்தில் இன்னொன்று எழுந்து, தள்ளாடி, உட்கார்ந்து, மறுபடி எழுந்தது. மேனேஜர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் திரும்பி நின்றார். அப்புறம் குழி வெட்டியவர்களைப் போகச் சொன்னார். கம்பெனிக்குப் போன் பண்ணி அந்தத் தீவன மூட்டைகளைத் திருப்பி எடுக்கச் சொன்னவரும் அவர்தான். மிச்சக் கோழிகளுக்கும் குடிதண்ணீரில் மருந்து கலந்து கொடுத்தோம். சில பிழைக்கவில்லை. பெரும்பாலும் பிழைத்தன.

அதற்குப் பிறகு நாங்கள் வேலை செய்யும் முறையை மாற்றினோம். பதிலை மடித்து உள்ளே வைத்த கேள்வியோடு யாரும் யார் வீட்டு வாசலிலும் போய் நிற்கக்கூடாது என்று வைத்தோம். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு உட்கார வேண்டும், அந்த மௌனம் எவ்வளவு சங்கடமாக இருந்தாலும். எனக்கு அது பெரிய தண்டனை. பெட்டியிலும் ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றாவதாக ‘தெரியவில்லை’ என்று ஒரு பதில் சேர்த்தோம். அதைச் சேர்த்த பிறகு பெட்டி அடிக்கடி, டாக்டரைக் கூப்பிடவும் என்று சொல்லத் தொடங்கியது. இதற்கு எதற்குப் பெட்டி என்று எங்கள் முதலாளி கேட்டார். நல்ல கேள்வி.

கோழி தலையை இறக்கியதற்கு மறுநாள் காலை டாக்டரம்மா வால்பாறை பஸ்ஸில் கொண்டை ஊசி வளைவெல்லாம் சுற்றி இறங்கி, தலை கிறுகிறுக்க நேரே பண்ணைக்கு வந்தார். கொட்டகைக்குள் ரொம்ப நேரம் இருந்தார். வெளியே வந்து கை கழுவிக்கொண்டு வாசலில் உட்கார்ந்தார். ஸ்டெல்லா அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் காப்பி கொடுத்தார்.

எனக்கு ஒன்று தெரிந்தே ஆக வேண்டும்போல இருந்தது. “டாக்டர், நேத்து போன்ல நான் வெள்ளைக் கழிச்சல்னு சொல்லிக் கேட்டிருந்தா, நீங்க என்ன சொல்லியிருப்பீங்க?” என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டேன்.

 அவர் டம்ளரைக் கீழே வைத்தார்.

“ஆமாங்கன்னுதான் சொல்லியிருப்பேனுங்க” என்றார். “பாதி கேக்காத லைனு. நேர்ல நின்னு பாக்கறவரு நீங்க சொல்றீங்க. எப்படீங்க இல்லைங்கறது?”

ஸ்டெல்லா அக்கா கொட்டகைப் பக்கம் திரும்பினார். உள்ளே ஒரு கோழி முட்டை போட்டுவிட்டு ஊருக்கே கேட்கும்படி கொக்கரித்துக்கொண்டிருந்தது. என் காப்பி ஆறிப்போயிருந்தது.